நாரைக்குப் பின்னால் நின்றவர்

தை மாதம் ஆறாம் தேதி, செவ்வாய்க்கிழமை. காலை ஏழு மணி பன்னிரண்டு நிமிடம். பனி விலகத் தொடங்கியிருந்தது. காற்று இல்லை. வெயில் மஞ்சளாக, சூடு இல்லாமல் விழுந்துகொண்டிருந்தது.

வாய்க்கால் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் இரண்டு முழங்கைகளையும் ஊன்றி நின்றிருந்தேன். சுவர் ஈரமாக இருந்ததால் துண்டை நான்காக மடித்துப் போட்டிருந்தேன். அப்படியும் சட்டைக் கை நனைந்து சில்லிட்டது. மூக்கில் நீர் வழிந்தது. துடைக்கக் கையை எடுத்தால் கேமரா ஆடும் என்று துடைக்கவில்லை.

எதிரே தூரத்தில் முதல் மதகு. அதன் சிமெண்ட் கட்டை மேல் ஒரு நத்தைகுத்தி நாரை, அலகில் நத்தையோடு. மதகுப் பலகை தூக்கியிருந்தது. அடியிலிருந்து தண்ணீர் வெள்ளையாக நுரைத்துப் பக்கத்து வயலுக்குள் போய்க்கொண்டிருந்தது.

பதினேழு முறை பொத்தானை அழுத்தினேன். பதினாறு படங்கள் வீண். ஒன்று மட்டும் விழுந்தது பாருங்கள், நத்தை ஓட்டிலிருந்து சொட்டிய துளிகூட அதில் தெரிந்தது.

நாரைக்குப் பின்னால் முருகையன் நின்றிருந்தார், தோளில் மண்வெட்டியோடு. வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் அவர் இருப்பதையே கவனித்தேன். படத்துக்கு ஒரு ஆளும் கிடைத்தார் என்று சந்தோஷப்பட்டேன்.

அந்தப் படத்தால் அவர் ஒன்பது வருடமாகக் குத்தகைக்குச் சாகுபடி செய்துவந்த ஏழு மா நிலம், ஏறக்குறைய இரண்டேகால் ஏக்கர், அவர் கையை விட்டுப் போயிற்று.

லென்ஸா, ஃப்ளாஷா

சென்ற வாரம் நான் எழுதிய வேலைக்கால நினைவுகளைப் படித்துவிட்டு ஒரு வாசகர், "ஓய்வு பெற்ற பிறகு பொழுதை எப்படிப் போக்குகிறீர்கள்?" என்று கேட்டிருந்தார். அவருக்குப் பதிலாக இருக்கட்டும் என்றுதான் கேமராவைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகு முருகையனை விட்டுவிட்டு எழுத முடியவில்லை.

திருவையாற்றுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். முப்பத்தொரு வருடம் ஆற்றிலும் வாய்க்காலிலும் தண்ணீர் அளந்து எழுதியவன் நான். ஓய்வு பெற்ற வருடம் ஒரு கேமரா வாங்கினேன். அதோடு கூட வந்த சின்ன லென்ஸ் ஒன்று. அதை வைத்துக்கொண்டு முதல் வருடம் 4,216 படங்கள் எடுத்தேன். எல்லாவற்றிலும் நாரை ஒரு வெள்ளைப் புள்ளி.

அடுத்தது என்ன வாங்குவது? தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுக்கும் நீள லென்ஸா, இருட்டில் வெளிச்சம் அடிக்கும் ஃப்ளாஷா? இரண்டையும் வாங்கப் பென்ஷன் இடம் கொடுக்காது. ஒன்றைத்தான் வாங்கலாம்.

இதை முடிவு செய்ய எனக்குப் பதினான்கு மாதம் ஆனது. நாற்பது பக்க நோட்டு ஒன்று போட்டேன். இடது பக்கம் லென்ஸ், வலது பக்கம் ஃப்ளாஷ். சாதகம், பாதகம், எடை, விலை, எத்தனை நாளுக்கு உத்தரவாதம் எல்லாவற்றையும் எழுதினேன். பேருந்தில் போகும்போது ஏதாவது தோன்றினால் டிக்கெட்டின் பின்புறம் எழுதி வந்து நோட்டில் ஏற்றினேன்.

என் மனைவி சரோஜா ஃப்ளாஷ் கட்சி. அதற்குக் காரணமும் இருந்தது. திருவிடைமருதூரில் அவள் தங்கை வீட்டு நிச்சயதார்த்தத்துக்குக் கேமராவை எடுத்துக்கொண்டு போனேன். கூடத்தில் ஒரே ஒரு டியூப்லைட், அதுவும் கண் சிமிட்டுகிற ஜாதி. அறுபத்து மூன்று படம் எடுத்தேன். நாற்பத்தொன்று ஆடிப்போயிருந்தன. மீதியில் பெண்ணுக்கு முகமே இல்லை, மூக்குத்தி மட்டும் இருந்தது.

"என் தங்கச்சி கேக்கறா, அத்தான் எடுத்த போட்டோ எங்கன்னு. என்னத்தக் காட்டறது? பூசணிக்காய் வரிசையா நிக்கற மாதிரி இருக்கு."

"வெளிச்சம் போதலை."

"அதைத்தான் வாங்கச் சொல்றேன். கொக்கு உங்ககிட்ட வந்து போட்டோ கேட்டுச்சா? கேக்கற மனுசங்கள எடுங்க."

அவள் சொன்னது நியாயம்தான். ஆனால் ஃப்ளாஷுக்கு ஆளிடமிருந்து பதினைந்து அடிக்குள் போய் நிற்க வேண்டும். சிரியுங்கள், தள்ளி நில்லுங்கள், குழந்தையைத் தூக்குங்கள் என்று பேச வேண்டும். எனக்கு அது வராது. நோட்டில் லென்ஸ் பக்கம் மூன்றாவது சாதகமாக நானே எழுதியிருக்கிறேன்: "யாரிடமும் பேச வேண்டியதில்லை."

பாய் சொன்னது

தஞ்சாவூரில் பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் கேமரா கடை. கடைக்காரர் கூத்தாநல்லூர்க்காரர். இருபது வருடம் வளைகுடாவில் இதே வியாபாரம் பார்த்துவிட்டு வந்தவர். நான் பாய் என்று கூப்பிடுவேன், அவர் என்னை சார் என்பார். பதினான்கு மாதத்தில் அந்தக் கடைக்கு இருபத்திரண்டு முறை போயிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் டீ வாங்கிக் கொடுத்தார்.

இருபத்திரண்டாவது முறை போனபோது கண்ணாடிப் பெட்டிக்குள் அந்த லென்ஸ் இருந்தது.

"ஒரு டாக்டர் வச்சிருந்தது சார். புலி எடுக்கப் போறேன்னு வாங்கினாரு. ரெண்டு தடவ போனாரு, புலி வரல. கீறல் இல்ல, பூஞ்சை இல்ல, நீங்களே பாருங்க."

டார்ச் அடித்துப் பார்த்தேன். தூசி மூன்று இடத்தில். அதைச் சொன்னேன்.

"அது தூசி இல்ல சார், உங்க கண்ணாடில இருக்கறது. கழட்டிட்டுப் பாருங்க."

கழற்றிப் பார்த்தேன். அவர் சொன்னதுதான்.

அன்றைக்கு அவர் இன்னொன்றும் சொன்னார். கடை வாசலில் நின்று லென்ஸை மாட்டி, தெருக்கோடியைப் பார்க்கச் சொன்னார். "அந்த வாழைப்பழ வண்டி தெரியுதா? அதுக்கு ஒட்டினாப்ல ஒரு ஆட்டோ நிக்குதா?"

"ஆமாம், இடித்துக்கொண்டு நிற்கிறது."

"இப்ப லென்ஸ எடுத்துட்டு வெறும் கண்ணால பாருங்க."

பார்த்தேன். வண்டிக்கும் ஆட்டோவுக்கும் நடுவில் ஒரு லாரி நிறுத்தும் இடைவெளி இருந்தது.

"தூரத்துலேர்ந்து எடுத்தா எல்லாத்தையும் ஒட்ட வச்சிரும் சார். அது குத்தம் இல்ல, அதோட குணம். கல்யாண வீட்ல எடுத்தீங்கன்னா பாத்து எடுங்க."

லென்ஸை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து பாதகம் நான்கு என்று எண் போட்டு எழுதினேன்: "முன்னும் பின்னுமாக இருப்பவை நெருங்கித் தெரியும்." அடியில் கோடும் போட்டேன். ஆக, எனக்குத் தெரியாது என்று சொல்ல வழியில்லை.

அளக்காததைச் சொல்லாதே

இந்த இடத்தில் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதம், ஆற்றில் வெள்ளம். என் மேலதிகாரி நடுப்பகலில் குடையோடு வந்து, "இப்ப எவ்வளவு போகுது?" என்று கேட்டார். அளவுகோல் பலகை எதிர்க்கரையில் இருந்தது. நான் கண்ணால் பார்த்து, "பத்தடி இருக்கும் சார்" என்றேன். போய்ப் பார்த்தால் ஒன்பதடி இரண்டு அங்குலம். பத்து பேர் முன்னால் என்னை அவர் பேசிய பேச்சு இன்னும் காதில் இருக்கிறது.

அதிலிருந்து அளக்காத எதையும் நான் சொன்னதில்லை. கடைத்தெருவுக்கு எவ்வளவு தூரம் என்று வழிப்போக்கர் கேட்டால்கூட, "அளக்கவில்லை" என்பேன். ஊரில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். நான் அதைப் பெருமையாகவே வைத்திருந்தேன்.

எழுபத்தொரு கட்டைவிரல்

அந்தத் தை மாதம் அணையில் தண்ணீர் குறைவு. வாய்க்காலில் முறை வைத்திருந்தார்கள். திங்கள் மாலை முதல் புதன் மாலை வரை மேல்பக்கத்து மதகுகளை எல்லாம் அடைத்துவிட வேண்டும். அப்போதுதான் கடைமடை வயல்களுக்குத் தண்ணீர் போய்ச் சேரும். கதிர் பால் பிடிக்கும் நேரம். அந்த நேரத்தில் தண்ணீர் தவறினால் அறுப்பது பதர்தான்.

நான் படம் எடுத்தது செவ்வாய்க்கிழமை. முதல் மதகு திறந்திருக்கக் கூடாத நாள். முப்பத்தொரு வருடம் தண்ணீரோடு இருந்தவன் நான், மதகு திறந்திருப்பதைப் பார்த்துக்கொண்டே நாரையை எடுத்தேன். நுரை வெள்ளையாக அழகாக இருக்கிறது என்றுதான் தோன்றியது.

படத்தை ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். "எங்கள் ஊர் விருந்தாளி" என்று எழுதினேன். மதியத்துக்குள் எழுபத்தொரு கட்டைவிரல் வந்தது. அதுவரை என் படத்துக்கு அதிகபட்சம் ஆறு.

எழுபத்திரண்டாவதாக வந்தது கட்டைவிரல் இல்லை. கடைமடையில் நிலம் வைத்திருப்பவர் ஒருவர், படத்தில் மதகையும் முருகையனையும் மட்டும் வெட்டி எடுத்துத் திரும்பப் போட்டிருந்தார். கீழே, "விருந்தாளி யாருன்னு இப்ப தெரியுது" என்று எழுதியிருந்தார்.

அந்த மதகை ஒட்டிய வயல் முருகையன் குத்தகைக்குச் செய்வது. அவருடைய அப்பா அதே வயலில் கூலிக்கு நடவு நட்டவர். மகன் குத்தகைதாரராக அந்த வயலில் இறங்கிய வருடம் ஊரில் சிலருக்கு அது பிடிக்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

கூட்டம்

புதன்கிழமை காலை வாய்க்கால் பாசன சங்கக் கட்டடத்தில் கூட்டம். நாற்பத்து மூன்று பேர் வந்திருந்தார்கள், நாற்காலி இருபத்தைந்து. எனக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டார்கள்.

சங்கத் தலைவர் போனைத் தூக்கிக் காட்டினார். "முருகையா, இது யாருப்பா?"

"நான்தாங்க. ஆனா நான் மதகுகிட்ட போகவே இல்லைங்க. தெக்கு வரப்புல, கரண்டு கம்பத்துகிட்ட நின்னேன். எலி வெட்டிருக்கான்னு பாக்கப் போனேன்."

"மதகுமேல கொக்கு நிக்குது. கொக்குக்குப் பின்னால மம்முட்டியோட நீ நிக்கற. அது யாரு, உன் அண்ணனா?"

சிரித்தார்கள். முருகையன் சிரிக்கவில்லை. முன்வரிசையில் இருந்த என்னைக் கைகாட்டினார்.

"சார் நின்னு எடுத்தாரே, அவரையே கேளுங்க. சார், நான் எங்க நின்னேன்? நீங்க பாத்தீங்கல்ல?"

தலைவர் என் பக்கம் திரும்பினார். "சார் தண்ணி அளந்தவரு. ஒரு அங்குலம் கூட்டிச் சொல்ல மாட்டாரு. சொல்லுங்க சார், படத்துல ஏதும் மாத்தினீங்களா?"

"இல்லை. எதையும் மாற்றவில்லை."

"அப்ப அதுல இருக்கறது உள்ளதுதானே?"

பின்வரிசையில் யாரோ, "என்னா தெளிவுய்யா, மம்முட்டில ஒட்டின சேறு கூடத் தெரியுது" என்றார். என் பக்கத்தில் இருந்தவர் என் தோளைத் தட்டினார். எனக்குக் காது சூடாகிவிட்டது. பதினான்கு மாதம் கணக்குப் போட்டு வாங்கிய லென்ஸை ஊரே பாராட்டுகிறது. அந்த நேரத்தில் எழுந்து நின்று, இந்த லென்ஸ் தூரத்தை ஒட்டிக் காட்டும் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். பாதகம் நான்கு. வாய் வரை வந்தது.

"அவர் மதகிலிருந்து எவ்வளவு தூரத்தில் நின்றார் என்று நான் அளக்கவில்லை. நான் பறவையைத்தான் பார்த்தேன்" என்றேன்.

இரண்டு வாக்கியமும் உண்மை. இரண்டும் அவருக்கு எதிராக விழுந்தன.

தண்டம் ஐயாயிரம் ரூபாய் என்று முடிவானது. கட்டாவிட்டால் அடுத்த முறைத் தண்ணீர் அந்த வயலுக்குக் கிடையாது. முருகையன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு வெளியே போனார். முக்கால் மணி நேரம் கழித்து வந்து, ஐந்நூறு ரூபாய்த் தாள்கள் பத்தை மேசைமேல் வைத்தார். என்னைப் பார்க்கவில்லை.

கட்டினால் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. கதிரைக் காய விட முடியாது, அவ்வளவுதான். அறுப்பு முடிந்ததும், சென்னையில் இருக்கும் நிலத்துக்காரர் தொலைபேசியில் கூப்பிட்டு, அடுத்த போகத்துக்கு வேறு ஆள் பார்த்துவிட்டதாகச் சொன்னாராம். அவரும் அந்த வாட்ஸ்அப் குழுவில் இருப்பவர்.

அந்த மதகை யார் திறந்தார்கள் என்பது இன்றுவரை தெரியாது.

சரோஜா பிடித்த டேப்

நிலம் போன செய்தி மாசிக் கடைசியில் ஒருநாள் எங்களுக்குத் தெரிந்தது. நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சரோஜா ரசக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, அந்த முருகையன் நெசமாவே மதகுகிட்ட நின்னாரா?"

"அளக்கவில்லை."

"ஒண்ணரை மாசமா அளக்காமத்தான் இருக்கீங்க. சோறு மட்டும் வேளாவேளைக்கு இறங்குதா?"

கையைக் கழுவிவிட்டு எழுந்தேன். மறுநாள் தஞ்சாவூர் போய் ஐம்பது மீட்டர் டேப் ஒன்று வாங்கினேன். அதற்கு அடுத்த நாள் காலை நாங்கள் இருவரும் வயலுக்குப் போனோம். அறுத்த தாள் காலில் குத்தியது. சரோஜா ஒரு கையால் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் டேப்பின் நுனியை மதகுக் கட்டைமேல் அழுத்திப் பிடித்தாள். நான் மறுமுனையை இழுத்துக்கொண்டு தெற்கு வரப்புக்கு நடந்தேன்.

படத்தில் முருகையனின் வலது தோளைக் கொஞ்சம் மறைத்துக்கொண்டு, அவருக்கு முன்னால் ஒரு மின்கம்பம் தெரியும். அதில் மூன்று என்று சிவப்பில் எண் எழுதியிருக்கும். அந்தக் கம்பம் தெற்கு வரப்பில்தான் இருக்கிறது. அவர் சொன்ன இடத்தில்.

மதகிலிருந்து அங்கே நூற்று இருபத்து நான்கு அடி. மூன்று முறை அளந்தேன். மூன்று முறையும் அதுவே.

"எவ்வளவுங்க?" என்று சரோஜா அங்கிருந்து கத்தினாள்.

சொன்னேன். அவள் டேப்பை விட்டுவிட்டாள். நான் சுற்றச் சுற்ற அது சரசரவென்று தாளின் மேல் இழுபட்டு என்னிடம் வந்தது.

வரைபடம் போட்டு, படத்தை ஒட்டி, தலைவரிடம் கொண்டுபோனேன். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு மரியாதையாகப் பார்த்தார்.

"எல்லாம் சரிதான் சார். தப்பு பண்ணலன்னா அவன் ஏன் தண்டம் கட்டினான்? முடிஞ்சு போச்சு, விடுங்க. நல்லா வரைஞ்சிருக்கீங்க."

பகல் பஸ்ஸில் சென்னை போய் நிலத்துக்காரரைப் பார்த்தேன். காப்பி கொடுத்தார். வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "முருகையன் நல்லா செஞ்சவர்தான். ஆனா வேற ஒருத்தருக்கு வாக்கு குடுத்துட்டேன். நீங்க இத அன்னிக்கே குழுவுல போட்டிருந்தா நான் மாத்தியிருக்க மாட்டேன்" என்றார்.

அன்றைக்கே. எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள்.

குழுவிலும் போட்டேன். லென்ஸின் குணம், நூற்று இருபத்து நான்கு அடி, என் தவறு எல்லாவற்றையும் எழுதினேன். நாரைக்கு எழுபத்தொரு பேர். இதற்கு நான்கு பேர். அதில் ஒன்று சரோஜா.

ஐயாயிரம்

கடைசியாக முருகையன் வீட்டுக்குப் போனேன். முதலில் போயிருக்க வேண்டிய இடம். வாசலில் மருந்து தெளிக்கும் இயந்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். விற்கப் போகிறாராம். அறுப்பு வண்டியில் வேலைக்குப் போவதாகச் சொன்னார்.

"வாங்க சார், உக்காருங்க. தனம், சாருக்கு டீ போடு."

உட்கார்ந்தேன். வரைபடத்தைக் கொடுத்தேன். கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார்.

"நூத்தி இருவத்தி நாலா? நான் நூத்தி இருவதுன்னு நெனச்சேன்" என்றார்.

"நான் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், முருகையன்."

"ஆமாங்க சார்."

பரவாயில்லை என்று சொல்வார் என எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தேன் என்பதை இங்கே எழுதிவிடுகிறேன். அவர் மனைவி தனம் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, நிலைக்குப் பக்கத்திலேயே நின்றார்.

சட்டைப் பையிலிருந்து உறையை எடுத்து நீட்டினேன். உள்ளே ஐயாயிரம்.

"இது என்னங்க சார்?"

"நீங்கள் கட்டிய தண்டம்."

"நான் கட்டுனது தண்ணிக்கு சார். தண்ணி வந்துச்சு, கதிரு வெளஞ்சுச்சு, அறுத்துட்டேன். அந்தக் கணக்கு தீந்துபோச்சு. நீங்க குடுக்கறது எதுக்கு?"

உறை என் கையிலேயே இருந்தது. தனம், "டீ ஆறுது, குடிங்க" என்றார். குடித்தேன். முருகையன் மறுபடி இயந்திரத்தின் குழாயைக் கழற்றி, உள்ளே தண்ணீர் விட்டு அலசத் தொடங்கினார். உறையைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து வந்தேன்.

அந்த வாரம் நோட்டில் கடைசிப் பக்கத்தில் கணக்கை எழுதி முடித்தேன். லென்ஸ், பேரம் போக, இருபத்து மூவாயிரத்து ஐந்நூறு. டேப் முந்நூற்று நாற்பது. சென்னைக்குப் போக வரப் பஸ் எழுநூற்று அறுபது. அங்கே ஆட்டோ இருநூற்று இருபது. முருகையன் வாங்க மறுத்த ஐயாயிரத்தை எந்தப் பக்கம் எழுதுவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன். ஒன்பது வருடம் அவர் சாகுபடி செய்த ஏழு மா நிலம் போனதில், எனக்கு ஆன மொத்தச் செலவு இருபத்து நாலாயிரத்து எண்ணூற்று இருபது ரூபாய்.